கொலஸ்ரோலும் மரணமும்: எண்பது ஆண்டு வழக்கு

நாற்பது வயதைக் கடந்த எம்மவர் இருவர் சந்தித்துக்கொண்டால், ஊர்ப் புதினங்களுக்கு அடுத்தபடியாக இன்று பேசப்படும் விடயம் கொலஸ்ரோல் ஆகும். "உங்களுக்கு எவ்வளவு?" என்ற வினா, முன்னொரு காலத்தில் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள் வினவப்பட்டதைப் போலவே வினவப்படுகின்றது. ஒஸ்லோவிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ வசிப்பவர் 6.2 என்பார், ஜேர்மனியில் வசிப்பவர் 240 என்பார், பாரிசில் வசிப்பவர் 2.4 என்பார். மூன்றும் ஒரே அளவைத்தான் குறிக்கின்றன. முதலாவது லீற்றருக்கு மில்லிமோல், இரண்டாவது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், மூன்றாவது லீற்றருக்குக் கிராம்.

இந்த எண்ணைப் பற்றி எம்மிடையே இரு கட்சிகள் உள்ளன. ஒரு சாரார் முட்டையின் மஞ்சட் கருவைக் கண்டாலே அஞ்சுகின்றனர். மறு சாரார், எல்லாம் மருந்துக் கொம்பனிகளின் வியாபாரம் என்று கூறிக் குளிசைகளை அலுமாரியில் பூட்டி வைக்கின்றனர். இரு சாராருடைய கூற்றுக்கும் வரலாற்றில் ஓரளவு ஆதாரம் உண்டு என்பதே இவ்விடயத்தின் சுவையும் சிக்கலுமாகும். கொலஸ்ரோல் கூடியவர்கள் அதிகமாக இறக்கின்றார்களா என்பது ஒரு கேள்வி. அதைக் குறைத்தால் மாரடைப்புக் குறையுமா என்பது வேறொரு கேள்வி. அதைக் குறைத்தால் மனிதர் கூடுதலான காலம் உயிர்வாழ்வார்களா என்பது மூன்றாவது கேள்வி. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதியமையால் மருத்துவ உலகம் நெடுங்காலம் இடர்ப்பட்டது. மூன்றாவது கேள்விக்குத் தெளிவான விடை 1994ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. அதுவும் எம்மவர் பலர் தஞ்சம் புகுந்த நோர்வே, டென்மார்க், சுவீடன் முதலிய நாடுகளின் வைத்தியசாலைகளிலிருந்தே கிடைத்தது.

கொலஸ்ரோல் முதன்முதலில் மனிதரின் பித்தக்கற்களிலேதான் கண்டறியப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் இது நிகழ்ந்தது. பித்தம், திண்மம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குப் பெயர் சூட்டியவரும் செவ்றோல் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞரே. 1910இல் விண்டவுஸ் என்ற ஜேர்மானிய அறிஞர், நோயுற்றுத் தடித்த பெருநாடிச் சுவர்களில் இப்பொருள் சாதாரண அளவிலும் இருபது மடங்குக்கு மேலாகப் படிந்திருப்பதைக் காட்டினார். எனினும் படிந்திருப்பதாலேயே அது நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாதல்லவா?

அதைச் சோதிக்கத் துணிந்தவர் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த நிக்கொலாய் அனிச்கோவ் என்ற இளம் ஆய்வாளர். அவருக்கு முன்னரே, இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை முயல்களுக்கு ஊட்டினால் அவற்றின் நாடிகள் கெடும் என்பதை அதே நகரில் ஒருவர் கண்டிருந்தார். ஆனால் பழியைப் புரதத்தின் மேற் சுமத்தினார். அனிச்கோவ் முட்டைக் கருவிலிருந்து கொலஸ்ரோலை மட்டும் பிரித்தெடுத்துச் சூரியகாந்தி எண்ணெயிற் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். 1913இல் வெளியான அவரது முடிவு தெளிவாக இருந்தது. எண்ணெயை மட்டும் உண்ட முயல்களுக்குக் கேடில்லை; கொலஸ்ரோல் கலந்ததை உண்டவற்றின் நாடிகளில் மனிதருக்கு ஏற்படுவதை ஒத்த படிவுகள் தோன்றின.

ஆயினும் உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. இலையும் புல்லும் உண்ணும் முயலுக்கு முட்டைக் கருவை ஊட்டினால் அது நோயுறுவதில் வியப்பென்ன என்று கேட்டனர். எலிக்கும் நாய்க்கும் அதையே ஊட்டியபோது நாடிகள் பழுதுபடவில்லை என்பதையும் எடுத்துக்காட்டினர். அவ்விலங்குகள் மிகையான கொலஸ்ரோலைப் பித்தமாக மாற்றி வெளியேற்றும் வல்லமை மிக்கவை என்பது பின்னரே துலங்கியது. நாடி தடிப்பது நரை திரை போல முதுமையின் இயல்பே என்ற எண்ணம் அக்கால வைத்தியர்களிடம் ஊறிப்போயிருந்தது.

இவ்வழக்கின் அடுத்த சாட்சிகள் நோர்வேயிலிருந்து வந்தன. 1938இல் ஒஸ்லோ வைத்தியர் கார்ல் முல்லர் 17 குடும்பங்களைப் பற்றி எழுதினார். அக்குடும்பத்தவர் பலரின் கண்ணிமைகளிலும் கைகால் தசைநாண்களிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் காணப்பட்டன. குருதியிற் கொலஸ்ரோல் மிகுந்திருந்தது. தந்தையும் மகனும் நெஞ்சுவலியாலும் திடீர் மரணத்தாலும் பாதிக்கப்பட்டனர். பரம்பரையாக வரும் இந்நோயில் உணவின் பங்கு சிறிது, பிறப்பின் பங்கே பெரிது. மெலிந்த தேகமும் அளவான ஊணும் உடைய ஒருவருக்கு எண் ஏன் உச்சத்தில் நிற்கின்றது என்று வியப்போர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

இரண்டாவது சாட்சி யுத்தம். 1940 முதல் 1945 வரை நோர்வே நாட்சிப் படைகளின் பிடியில் இருந்தது. பட்டர், சீஸ், முட்டை, இறைச்சி யாவும் பங்கீட்டுக்கு உட்பட்டன. மக்கள் மீனையும் உருளைக்கிழங்கையும் உண்டனர். அவ்வாண்டுகளில் இதய, குருதிக்கலன் நோய்களால் ஏற்படும் மரணங்கள் குறைந்தன. யுத்தம் முடிந்து பட்டர் மேசைக்குத் திரும்பியபின் மீண்டும் ஏறின. ஸ்ரோம், யென்சன் என்ற இருவர் 1951இல் லான்செற் சஞ்சிகையில் இதனை வெளியிட்டபோது பலரும் வியந்தனர். ஆயினும் இதனை அளவுக்கு மீறிப் பாராட்டுதல் தகாது. அக்காலத்தில் புகையிலையும் அரிதாயிற்று, எரிபொருள் இன்மையால் மக்கள் நடந்தனர், உடல்கள் மெலிந்தன. இவற்றுள் எது மரணத்தைக் குறைத்தது என்பதைப் பிரித்தறிய வழியில்லை. பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த எம்மவருக்கு, பங்கீட்டு உணவைச் சுகவாழ்வு என்று எவரேனும் புகழ்ந்தால் சிரிப்புத்தான் வரும்.

யுத்தம் முடிந்தபின் அமெரிக்கா இவ்விடயத்தைக் கையிலெடுத்தது. 1948இல் பொஸ்ரன் நகருக்கு அண்மையிலுள்ள பிறாமிங்ஹாம் என்ற ஊரில் 30 முதல் 62 வயது வரையான 5,209 ஆண் பெண்களைத் தெரிந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து, யார் நோயுறுகின்றார், யார் இறக்கின்றார் என்று பதியத் தொடங்கினர். வகுப்பு இடாப்பை ஒழுங்காகப் பேணும் ஆசிரியரின் பொறுமைக்கு ஒப்பான பணி இது. மக்கள், பேரர் என இன்றும் தொடர்கின்றது. கொலஸ்ரோல் கூடியவருக்கும் இரத்த அழுத்தம் கூடியவருக்கும் மாரடைப்பு அதிகம் என்பதை 1961 அளவில் அவர்கள் நிறுவினர். 1958இல் அன்செல் கீஸ் தொடக்கிய ஏழு நாடுகள் ஆய்வும் இதையே சுட்டியது. பின்லாந்தின் கிழக்குப் பகுதி ஆண்களிடம் கொலஸ்ரோலும் மாரடைப்பும் உச்சத்தில் இருந்தன. கிரேக்கத்தின் கிறீற் தீவிலும் ஜப்பானிலும் இரண்டும் மிகக் குறைவு. அந்தக் கிழக்குப் பின்லாந்திலேயே 1972இல் வட கரேலியத் திட்டம் ஆரம்பமாகியது. பட்டரும் புகைத்தலும் குறைக்கப்பட்டன. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயதினரான ஆண்களின் இதயநோய் மரணங்கள் எண்பது வீதத்துக்கு மேலாகக் குறைந்தன.

முதலாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகவே தோன்றியது. அப்பொழுதுதான் பிறாமிங்ஹாம் இடாப்பு ஒரு புதிரை விடுத்தது. முப்பதாண்டு மரணங்களைக் கணக்கிட்டு 1987இல் வெளியிட்ட கட்டுரையில், ஐம்பது வயதுக்கு உட்பட்டோரைப் பொறுத்தவரை பத்து மில்லிகிராம் உயர்வுக்கு மொத்த மரணம் 5 வீதமும் இதய, குருதிக்கலன் மரணம் 9 வீதமும் கூடுவதாகக் கண்டிருந்தனர். ஆனால் ஐம்பதைத் தாண்டியோரிடம் கொலஸ்ரோலுக்கும் மொத்த மரணத்துக்கும் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. மேலும், ஆண்டுக்காண்டு கொலஸ்ரோல் தானாகவே இறங்கி வந்தவர்கள் அதிகமாக இறந்தனர்! 2001இல் ஹவாய்த் தீவின் ஹொனலூலுவிலிருந்து வெளிவந்த ஆய்வில், 71 முதல் 93 வயது வரையான ஜப்பானிய வம்சாவளி முதியவர்களுள் மிகக் குறைந்த கொலஸ்ரோல் உடையோரே அதிகம் இறந்ததாகக் காணப்பட்டது. "கொலஸ்ரோல் கூடினால் நீண்ட ஆயுள்" என்று வாதிடுவோர் இன்றும் தூக்கிப் பிடிப்பது இத்தகைய கணக்குகளையே.

இக்கணக்குகள் பொய்யல்ல, அவற்றுக்குக் கொடுக்கப்படும் பொருளிலேதான் பிழை. எமது உடலின் கொலஸ்ரோலிற் பெரும்பகுதியை உடலே ஆக்குகின்றது; அதில் ஈரலின் பங்கு பெரிது. ஈரல் கெட்டாலும், புற்றுநோய் உள்ளே ஒளிந்திருந்து உடலைத் தின்றாலும், நெடுநாட் தொற்று வாட்டினாலும், முதுமையில் உணவு செல்லாதுபோனாலும் அந்த எண் தானாகவே இறங்கும். நோய் முதலில் வருகின்றது, இறக்கம் பின்னர் வருகின்றது, மரணம் அதன்பின் வருகின்றது. கிணறு வற்றியதாற்றான் மழை பொய்த்தது என்று எவராவது கூறுவரோ? நோயால் இறங்கிய எண்ணும் மருந்தால் இறக்கப்பட்ட எண்ணும் தாளில் ஒன்றுபோலத் தோன்றினும் அவை வெவ்வேறு. 2007இல் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேரின் விபரங்களைத் தொகுத்த பெரும் கணக்கெடுப்பு இதனைச் சீர்செய்தது. மொத்தக் கொலஸ்ரோல் ஒரு மில்லிமோல் குறைவாக இருந்தோரிடம் இதய நாடி நோய் மரணம் நாற்பதுகளில் ஏறத்தாழ அரைப்பங்கும், ஐம்பது முதல் அறுபத்தொன்பது வரை மூன்றிலொரு பங்கும், எழுபதுக்கு மேல் ஆறிலொரு பங்கும் குறைவு. வயது ஏற ஏறத் தொடர்பு தளர்கின்றது; அற்றுப்போவதில்லை.

குறைத்தால் என்ன நிகழும் என்ற கேள்வியோ இன்னும் கசப்பான அனுபவங்களைத் தந்தது. எடின்பரோ, புடாபெஸ்ற், பிராக் ஆகிய மூன்று நகரங்களில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 1978இல் வெளியானது. குளோபைபிறேற் என்ற மருந்து கொலஸ்ரோலைக் குறைத்தது. உயிராபத்தற்ற மாரடைப்புகளையும் குறைத்தது. ஆனால் மருந்து அருந்தியவர்களே அதிகமாக இறந்திருந்தனர். அம்மருந்து கொலஸ்ரோலைப் பித்தத்தினூடாக வெளியேற்றியமையால் அவர்களுக்குப் பித்தக்கற்களும் பெருகின. பித்தக்கல்லில் ஆரம்பித்த கதை பித்தக்கல்லுக்கே திரும்பியது எனலாம்.

அமெரிக்காவில் மினசோற்றா மாநிலத்தின் மனநல வைத்தியசாலைகளில் 1968 முதல் 1973 வரை ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், மிருகக் கொழுப்புக்குப் பதிலாகச் சோள எண்ணெய் கொடுக்கப்பட்டது. கொலஸ்ரோல் இறங்கியது, மரணம் இறங்கவில்லை. அம்முடிவு 1989 வரை வெளிவரவேயில்லை. எஞ்சிய ஏடுகளை ஆய்வாளர் ஒருவரின் வீட்டு நிலவறையிலிருந்து மீட்டெடுத்து 2016இல் மறுபடியும் கணக்கிட்டனர். விரும்பாத விடையை அலுமாரியில் வைத்துப் பூட்டும் பழக்கம் எமது மக்களுக்கு மட்டும் உரியதன்று.

1984இல் இன்னொரு அமெரிக்க ஆய்வு வெளியானது. 3,806 ஆண்கள், ஏழாண்டுக்கு மேலான காலம், நீரிற் கலக்கிக் குடிக்க வேண்டிய மணல் போன்ற ஒரு தூள். இதயநோய் 19 வீதம் குறைந்தது. ரைம் சஞ்சிகை இரண்டு முட்டைகளைக் கண்களாகவும் பன்றியிறைச்சித் துண்டை வளைந்த வாயாகவும் வைத்துத் துயர முகம் ஒன்றை அட்டையிற் போட்டது. உலகெங்கும் முட்டைப் பயம் பரவியது அதன் பின்னரே. ஆனால் உள்ளே இருந்த கணக்கைப் பலர் வாசிக்கவில்லை. மருந்து அருந்தியோரில் இறந்தவர் 68. அருந்தாதோரில் இறந்தவர் 71. விபத்தாலும் வன்செயலாலும் இறந்தவர்களோ மருந்துப் பக்கத்தில் 11, மறுபக்கத்தில் 4. மூன்றாண்டுகளின் பின் ஹெல்சிங்கியிலிருந்து வந்த வேறொரு மருந்தின் முடிவும் இவ்வாறே அமைந்தது: மாரடைப்பு மூன்றிலொரு பங்கு குறைந்தது, மொத்த மரணத்தில் மாற்றமில்லை. கொலஸ்ரோலைக் குறைத்தால் மனம் பேதலித்து மனிதர் தற்கொலைக்கும் சண்டைக்கும் போவார்களோ என்ற ஐயம் 1990 அளவில் மதிப்புமிக்க மருத்துவச் சஞ்சிகைகளிலேயே எழுந்தது. "இதயத்தாற் சாகாதவன் வேறொன்றாற் சாவான், இலாபம் என்ன?" என்ற கேள்விக்கு அன்று எவரிடமும் பதிலில்லை.

இந்நிலையில் வேறொரு மூலையிலிருந்து புதிய மருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. ஜப்பானிய விவசாயக் குடும்பத்திற் பிறந்த அகிரா என்டோ என்பவர், பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்ட கதையால் ஈர்க்கப்பட்டு, உடல் கொலஸ்ரோலை ஆக்குவதைத் தடுக்கும் பொருள் ஏதேனும் பூஞ்சணங்களில் இருக்குமோ எனத் தேடினார். ஆறாயிரம் வகைகளைச் சோதித்து, 1973இல், கியோட்டோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியிற் பூத்த நீலப் பூஞ்சணத்தில் அதனைக் கண்டார். எலிகளுக்கு அது பயன்படவில்லை. முட்டையிடும் கோழிகளுக்குப் பயன்பட்டது. எலியை நம்பியிருந்தால் ஸ்ராற்றின் என்ற மருந்து வர்க்கமே பிறந்திராது. என்டோவின் மருந்தை அவரது நிறுவனம் 1980இற் கைவிட்டது; 1987இல் அமெரிக்க நிறுவனமான மேர்க் தயாரித்த அதன் இனத்தது முதலில் அனுமதி பெற்றது. என்டோ 2024இல் தமது தொண்ணூறாவது வயதிற் காலமானார்.

மேர்க்கின் செலவிலேயே வட ஐரோப்பிய ஆய்வும் நடந்தது. இதனை மறைக்க வேண்டியதில்லை. ஐயுறுவோர் முதலிற் கேட்பதும் இதையே. ஆனால் அந்த ஆய்வு வகுக்கப்பட்ட முறையை நோக்குதல் வேண்டும். டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளின் 94 நிலையங்களில் 4,444 நோயாளர் சேர்க்கப்பட்டனர். யாவரும் ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலியோ கண்டவர்கள்; கொலஸ்ரோல் 5.5 முதல் 8.0 வரை உள்ளவர்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்குச் சிம்வாஸ்ராற்றின், மறு பாதிக்குச் சத்தற்ற போலிக் குளிசை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. எதனை அளப்பது? எண்ணையோ மாரடைப்பையோ அல்ல, எக்காரணத்தாலாயினும் நிகழும் மரணத்தையே அளப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்தனர். ஆய்வு எத்தனை ஆண்டு நடக்கும் என்பதையும் நாட்காட்டி தீர்மானிக்கவில்லை. இரு பக்கமும் சேர்த்து 440 மரணங்கள் நிகழும் வரை என்று திட்டமிட்டனர். ஒருவர் தற்கொலையால் இறந்தாலும் புற்றுநோயால் இறந்தாலும் அம்மரணம் கணக்கில் ஏறும். மருந்து ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறித்தால் அது தப்பிக்க வழியில்லை.

ஒஸ்லோ வைத்தியர் தெர்யே பெடர்சன் தலைமையிலான அக்குழுவின் முடிவு 1994 நவம்பர் 19ஆம் திகதிய லான்செற் இதழில் வெளியானது. போலிக் குளிசை உண்ட 2,223 பேரில் இறந்தவர் 256. மருந்து உண்ட 2,221 பேரில் இறந்தவர் 182. இதய நாடி நோயால் இறந்தவர் முறையே 189, 111. இதய, குருதிக்கலன் நோய் அல்லாத ஏனைய காரணங்களால் இறந்தவர் 49, 46. விபத்து, வன்செயல், புற்றுநோய் பற்றிய அச்சம் அந்தக் கடைசி இரு எண்களில் அடங்கிப்போனது.

இந்த விடையை இரு விதமாகச் சொல்லலாம், இரண்டும் உண்மை. மரண ஆபத்து 30 வீதம் குறைந்தது என்பது ஒன்று; விளம்பரங்கள் இதனையே சொல்லும். ஐந்தரை ஆண்டில் நூறு நோயாளருள் பன்னிருவர் இறக்கவேண்டிய இடத்தில் எண்மர் இறந்தனர், நால்வர் தப்பினர் என்பது மற்றொன்று. அக்குளிசையை உண்ட ஏனையோருள் பெரும்பாலோர் உண்ணாவிடினும் அக்காலத்தில் இறந்திருக்க மாட்டார்கள். அந்த நால்வர் யாவர் என்பதை முற்கூட்டி அறிய முடியாமையாலேயே நூறு பேரும் உண்கின்றனர். மாரடைப்புக் கண்டபின் வைத்தியர் தந்த குளிசையை, எவரோ ஒருவர் சொன்ன கதையைக் கேட்டு நிறுத்துபவர் இந்தக் கணக்கை ஒருமுறை வாசித்தல் நலம். நோவோ வேறு உபத்திரவமோ இருப்பின் வைத்தியரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவும் மாற்று மருந்து தரவும் வழியுண்டு.

நோய் காணாதவர்களின் நிலை வேறு. 1995இல் ஸ்கொட்லாந்தில் மாரடைப்பு வராத, ஆனால் கொலஸ்ரோல் கூடிய 6,595 ஆண்களிடம் நடந்த ஆய்வில் இறந்தவர் 135, மருந்து உண்டோரில் 106. இங்கும் பயன் உண்டு. ஆனால் நூற்றில் ஒருவர் என்ற அளவிலேயே. 2010இல் ஒக்ஸ்போர்ட்டை மையமாகக் கொண்ட குழு 26 ஆய்வுகளில் இடம்பெற்ற ஏறத்தாழ 1,70,000 பேரின் விபரங்களை ஒன்றுதிரட்டியது. தீய கொலஸ்ரோல் எனப்படும் எல்.டி.எல் ஒரு மில்லிமோல் இறங்கினால் மொத்த மரணம் பத்து வீதம் குறைகின்றது என்பதே அதன் முடிவு.

எண்ணை மட்டும் நம்புவது ஆபத்து என்பதை 2006 மீண்டும் நினைவூட்டியது. ரோசிற்றாபிப் என்ற புதிய மருந்து நல்ல கொலஸ்ரோலான எச்.டி.எல்லை எழுபது வீதத்துக்கு மேல் உயர்த்தியது, தீயதையும் இறக்கியது. தாளில் அதனிலும் அழகான எண்களைக் காண்பதரிது. பதினையாயிரம் பேரிடம் நடந்த அந்த ஆய்வு டிசம்பரில் திடீரென நிறுத்தப்பட்டது. மருந்துப் பக்கத்தில் 82 பேர் இறந்திருந்தனர், மறுபக்கத்தில் 51.

எம்மவர் பற்றியும் இவ்வரலாற்றிற் சில பக்கங்கள் உண்டு. 1959இல் சிங்கப்பூரில் பிரேத பரிசோதனைப் பதிவேடுகளை ஆராய்ந்தோர், சீனரிலும் பார்க்க இந்தியரிடம் இதய நாடி நோய் பன்மடங்கு அதிகம் எனக் கண்டனர். அங்கு இந்தியர் எனப் பதியப்பட்டோரிற் பெரும்பாலோர் தமிழர். 1991இல் மேற்கு லண்டனில் தென்னாசியரையும் ஐரோப்பியரையும் ஒப்பிட்டபோது விந்தையான முடிவு கிடைத்தது. தென்னாசியரின் மொத்தக் கொலஸ்ரோல் ஐரோப்பியரதை விட அதிகமில்லை. ஆயினும் மாரடைப்பு அதிகம். வேறுபாடு பிறவற்றில் இருந்தது: நீரிழிவு, இடுப்பைச் சுற்றிய கொழுப்பு, உயர்ந்த திரைகிளிசறைட், தாழ்ந்த எச்.டி.எல். 2007இல் வெளிவந்த, இலங்கையும் உள்ளடங்கிய ஐந்து தென்னாசிய நாடுகள் பற்றிய ஆய்வு, அங்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதாகவும், ஏனைய நாடுகளில் 59 அளவில் வருவதாகவும் கண்டது.

தேங்காயைப் பற்றிக் கேட்காத தமிழர் இல்லை. 1989இல் பேராதனையில் நடந்த சிறு ஆய்வொன்றில் தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாகச் சோள எண்ணெய் கொடுத்தபோது மொத்தக் கொலஸ்ரோலும் எல்.டி.எல்லும் இறங்கின; அத்துடன் நல்லதான எச்.டி.எல்லும் வெகுவாக இறங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்லை உயர்த்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சொதியிலும் சம்பலிலும் சேரும் தேங்காயால் இத்தனை பேர் இறந்தனர், இத்தனை பேர் பிழைத்தனர் என்று 4,444 பேரை வைத்துக் கணக்கெடுத்தது போல எவரும் இதுவரை எண்ணவில்லை.

எனவே, பரிசோதனைத் தாளில் மொத்தக் கொலஸ்ரோல் 5.0 என்று முதல் வரியிற் கண்டதும் பலர் மகிழ்ந்து தாளை மடித்துவிடுகின்றனர். மேற்கு லண்டனில் எமது பிராந்தியத்தவரை ஐரோப்பியரிடமிருந்து வேறுபடுத்திய விபரங்களில் எச்.டி.எல்லும் திரைகிளிசறைட்டும் அதே தாளில் சற்றுக் கீழே அச்சிடப்பட்டிருக்கும். நீரிழிவின் அளவு பெரும்பாலும் அடுத்த பக்கத்தில் இருக்கும். இடுப்பின் சுற்றளவு எந்தப் பக்கத்திலும் இராது.